டீக்கடை கிளாஸை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க!

ரெவ்யூ, வைவா, எக்ஸ்டர்னல்னு சொன்னாலே வயித்துல புளியைக் கரைக்குதா? எனக்கும் கரைச்சது. அந்த ஃப்ளாஷ்பேக்கோடவே இந்த வாரம் ஆரம்பிச்சுடறேன்.

என்னோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஹாஸ்டல் மெஸ் பில் சாஃப்ட்வேர். ஜேஎஸ்பி, சர்வ்லெட், மைஎஸ்க்யூஎல். மூணு பேர் டீம். நாலு மாசம் ராப்பகலா உழைச்சு (பொய்! கடைசிப் பதினஞ்சு நாள்தான்) முடிச்சிருந்தோம். லேப் சிஸ்டத்துல பளபளன்னு ஓடுச்சு. எக்ஸ்டர்னல் வந்தார். ரோல் நம்பரை அடிச்சா பில் வருது, பட்டனைத் தட்டினா பிரிண்ட் வருது. தலையை ஆட்டிக்கிட்டே பார்த்தவர், எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"பக்கத்து சிஸ்டத்துல இன்னொரு தம்பியை லாகின் பண்ணச் சொல்லுங்க."

பண்ணினான். நான் என் ஸ்க்ரீனை ரெஃப்ரெஷ் செய்தேன். என் பேர் இருந்த இடத்துல அவன் பேர். என் பில் இருந்த இடத்துல அவன் பில்.

எக்ஸ்டர்னல் கோபப்படவே இல்லை. "அப்போ இனிமே உங்க பில்லை இவர் கட்டிடுவாரா?"ன்னு மட்டும் கேட்டுட்டு ரெக்கார்டு நோட்டை மூடினார்.

அந்தப் பத்து செகண்ட்ல என்ன நடந்ததுன்னு முழுசாப் புரிய எனக்கு மூணு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு பொண்ணோட ஹால் டிக்கெட்டையும் காவு வாங்கப் பார்த்தேன். அந்தக் கதையும் வருது.

முதல்ல ஒரு உண்மை. வெப் சர்வருக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. ஒரு பக்கம் கேட்டா கொடுக்கும், அடுத்த செகண்டே "நீங்க யாரு?"ன்னு கேட்கும். இதுக்கு 1994-ல நெட்ஸ்கேப்ல வேலை பார்த்த லூ மாண்டுலி ஒரு வழி கண்டுபிடிச்சார். அதுதான் குக்கீ. நம்ம ஊர் சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் மாதிரிதான். ஒரு பாதி சைக்கிள்ல தொங்கும், ஒரு பாதி உங்க கையில. நீங்க டோக்கனைக் காட்டினா, சர்வர் உங்களுக்குன்னு ஒதுக்கின ஒரு சின்ன லாக்கரைத் திறக்கும். அந்த லாக்கர்தான் செஷன்.

இப்போ கேள்வி: அந்த லாக்கர்ல எதை வைக்கலாம்? எதை வைக்கக் கூடாது?

என் ப்ராஜெக்ட்ல நான் செஞ்ச தப்பு, லாக்கரையே தொடாததுதான். லாகின் ஆன மாணவரோட ஆப்ஜெக்ட்டையும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனையும் சர்வ்லெட் கிளாஸோட தலைமாட்டுல வேரியபிளா வெச்சிருந்தேன். ஒரு சர்வ்லெட்டுக்கு டாம்கேட் பொதுவா ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாக்கும். நூறு பேர் வந்தா நூறு த்ரெட்டும் அதே ஆப்ஜெக்ட்டுக்குள்ளதான் ஓடும். அதாவது, நான் லாக்கர்னு நெனைச்சது காலேஜ் நோட்டீஸ் போர்டு! கடைசியா யார் பேப்பரை ஒட்டினாங்களோ அதுதான் எல்லாருக்கும் தெரியும். ஒரே ஆள் டெஸ்ட் பண்ற வரைக்கும் இந்தத் தப்பு வெளியில வராது. அதான் இதுல இருக்கிற விஷமம்.

பேர் மாறித் தெரியறது கூடப் பரவாயில்லை, சிரிச்சுட்டுப் போயிடலாம். ஒரே கனெக்‌ஷனை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிட்டா நடக்கிறது இன்னும் மோசம். ராமுவோட டிரான்ஸாக்‌ஷன்ல ரெண்டு ஸ்டெப்: அக்கவுன்ட்ல பணம் கழிக்கணும், பில்லை 'கட்டியாச்சு'ன்னு மாத்தணும். முதல் ஸ்டெப் முடிஞ்சுது. அந்த நேரம் பார்த்து அதே கனெக்‌ஷன்ல சோமு தன் வேலையை முடிச்சு கமிட் அடிக்கிறான். கமிட்டுக்கு ராமு, சோமுன்னு ஆள் தெரியாது, கனெக்‌ஷன்தான் தெரியும். ராமுவோட பாதி வேலையும் சேர்ந்து கமிட் ஆயிடும். அப்புறம் ராமுவோட ரெண்டாவது ஸ்டெப் ஃபெயில் ஆகி ரோல்பேக் கொடுத்தா, திரும்பி வர ஒண்ணும் இருக்காது. பணம் போச்சு, பில் அப்படியே நிக்குது.

சரி, ஆளுக்கு ஒரு கனெக்‌ஷன் கொடுத்துட்டா? நானும் அப்படித்தான் திருந்தினேன். முதல் வேலையில சேர்ந்ததும், லாகின் பண்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கனெக்‌ஷன் திறந்து அவங்கவங்க செஷன்ல பத்திரமா வெச்சேன். பெருமையா வேற இருந்துச்சு.

இங்கேதான் டீக்கடை வருது. உங்க காலேஜ் வாசல் கடையில எத்தனை கிளாஸ் இருக்கும்? இருபது? ஆனா காலையில முன்னூறு பேர் டீ குடிக்கிறாங்க. எப்படி? குடிச்ச உடனே கிளாஸைத் திருப்பி வைக்கிறோம், மாஸ்டர் கழுவி அடுத்தவருக்கு ஊத்துறார். இதே கிளாஸை ஆளாளுக்கு 'சாயங்காலமும் டீ குடிப்பேன்ல'ன்னு பையில போட்டுக்கிட்டு கிளாஸ் ரூமுக்குப் போயிட்டா? இருபத்தோராவது ஆளுக்கு டீ கிடையாது. கடையில பால் இருக்கு, தூள் இருக்கு, மாஸ்டர் சும்மா நிக்கிறார். ஆனா டீ இல்லை!

நம்பர்ல பாருங்க. மைஎஸ்க்யூஎல் டீஃபால்ட்டா அனுமதிக்கிற கனெக்‌ஷன் 151. போஸ்ட்கிரெஸ் 100. டாம்கேட்ல செஷன் டைம்அவுட் டீஃபால்ட் 30 நிமிஷம். ரிசல்ட் அன்னிக்கு 152-வது மாணவர் லாகின் பண்றப்போ "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்"னு வந்து நிக்கும். முன்னாடி வந்த 151 பேரும் மார்க்கைப் பார்த்துட்டு ப்ரௌசரை மூடிட்டுப் போயிருப்பாங்க. நம்மள்ல யாரு லாக்அவுட் பட்டனைத் தொட்டிருக்கோம்? அவங்க போனது சர்வருக்குத் தெரியாது. 30 நிமிஷத்துக்கு அந்தக் கனெக்‌ஷன்களை யாரும் பயன்படுத்தறதும் இல்லை, விடறதும் இல்லை.

இதுக்கு டீ மாஸ்டர் செய்யறதுதான் தீர்வு. அதுக்குப் பேர் கனெக்‌ஷன் பூல். ஸ்ப்ரிங் பூட்ல வர்ற ஹிகாரிசிபி டீஃபால்ட்டா வெச்சிருக்கிறது வெறும் 10 கனெக்‌ஷன். பத்தான்னு இளக்காரமா நெனைக்காதீங்க. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு டேட்டாபேஸ் வேலை 20 மில்லிசெகண்ட்னா, ஒரு கனெக்‌ஷன் செகண்டுக்கு 50 பேரைக் கவனிக்கும். பத்தும் சேர்ந்தா 500 பேர். ஆனா ஒரே கண்டிஷன்: ரிக்வெஸ்ட் வந்ததும் எடுக்கணும், முடிஞ்சதும், எர்ரர் வந்தாலும் கூட, திருப்பி வைக்கணும்.

(பிஎச்பி பசங்க இந்த விஷயத்துல கொடுத்து வெச்சவங்க. ஸ்க்ரிப்ட் முடிஞ்சதும் சாதாரண கனெக்‌ஷன் தானா மூடிக்கும். பிடிஓ ஆப்ஜெக்ட்டைத் தூக்கி செஷன்ல வெச்சாலும் சேமிக்க முடியாதுன்னு எர்ரர் அடிச்சுடும். சோம்பேறிகளுக்கும் தெய்வம் துணை!)

இன்னொரு விஷயம். கிளாஸைத் திருப்பி வெச்சா மட்டும் போதாது, கழுவணும். முந்தின ஆள் குடிச்ச மிச்சம் அதுல இருக்கக் கூடாது. 'இதெல்லாம் காலேஜ் ப்ராஜெக்ட்லதான் நடக்கும்'னு நெனைக்கிறவங்க கொஞ்சம் இங்கே கவனிங்க.

2023 மார்ச் 20. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு, சைடுல வேற யாரோ பேசின உரையாடல்களோட தலைப்புகள் தெரிஞ்சுது. ஓப்பன்ஏஐ சர்வீஸையே கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டுத் தேடினாங்க. யூசர் தகவலை வேகமா எடுக்க ரெடிஸ்னு ஒரு டேட்டா ஸ்டோர் வெச்சிருந்தாங்க. அதோட பேசுற பைத்தான் லைப்ரரியில ஒரு பக். ஒரு கனெக்‌ஷன்ல கேள்விகள் வரிசையாப் போகும், பதில்களும் அதே வரிசையில வரும். கேள்வி போனப்புறம், பதிலை வாங்கறதுக்கு முன்னாடி அந்த ரிக்வெஸ்ட் கேன்சல் ஆனா? பதில் மட்டும் கனெக்‌ஷன்ல அநாதையா நிக்கும். கனெக்‌ஷன் அப்படியே பூலுக்குத் திரும்பும். அடுத்த ஆள் அதை எடுத்துத் தன் கேள்வியைக் கேட்டா, முந்தின ஆளோட பதில் வந்து விழும். பெரும்பாலும் பொருந்தாத பதிலா இருந்து எர்ரர் அடிக்கும். ஆனா தற்செயலா அதே வகை டேட்டாவா இருந்துட்டா, "இதோ உங்க தகவல்"னு அடுத்தவர் தகவலைக் காட்டும். கழுவாத கிளாஸ்!

அன்னிக்கு ஒரு 9 மணி நேர இடைவெளியில, பணம் கட்டிப் பயன்படுத்தி ஆக்டிவா இருந்தவங்கள்ல 1.2 சதவீதம் பேரோட பேமென்ட் தொடர்பான விவரங்கள் மத்தவங்க கண்ணுல பட்டிருக்கலாம்னு அவங்களே அறிவிச்சாங்க. பேர், இமெயில், முகவரி, கார்டோட கடைசி நாலு இலக்கம். முழு கார்டு நம்பர் வெளியே போகலை.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2021 மார்ச் 8 அன்னிக்கு, கிட்ஹப் தன்னோட எல்லா யூசரையும் ஒரே நாள்ல லாக்அவுட் பண்ணி வெளியே அனுப்புச்சு. காரணம்? ஒரு ரிக்வெஸ்ட்டோட ஆப்ஜெக்ட்டை அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கும் திரும்பப் பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க. பின்னாடி ஓடுற ஒரு த்ரெட் பழையதை இன்னும் விடாம பிடிச்சிருந்துச்சு. ரொம்ப அபூர்வமா, ஒருத்தரோட செஷன் குக்கீ இன்னொருத்தருக்குப் போயிருச்சு. பாதிக்கப்பட்டது 0.001 சதவீதத்துக்கும் குறைவான செஷன்கள்தான். அதுக்கே அத்தனை பேரையும் வெளியே அனுப்ப வேண்டி வந்துச்சு. வேறவர் அக்கவுன்ட்டுக்குள்ள ஒருத்தர் நின்னாலும் நின்னதுதானே!

"சார், நாங்க கனெக்‌ஷனைக் கண்ணாலயே பார்த்ததில்லை. எல்லாம் ஸ்ப்ரிங், ஜாங்கோ பார்த்துக்கும்"னு சொல்றீங்களா? நியாயம்தான். ஃப்ரேம்வொர்க் கிளாஸைக் கழுவித் தரும். ஆனா நீங்க டீயைப் பார்சல் வாங்கி மூணு நாள் கழிச்சுக் குடிச்சா அது என்ன பண்ணும்? அதுதான் என் மூணாவது தப்பு.

இதுல பேர்க் குழப்பம் வேற. ஹைபர்நேட்ல 'செஷன்'னு ஒண்ணு இருக்கு, எஸ்க்யூஎல்ஆல்கெமியிலயும் இருக்கு. வெப் செஷனுக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. அது டேட்டாபேஸோட பேசுற ஒரு சின்ன உரையாடல். ஒரு ரிக்வெஸ்ட்டோட ஆயுசு. வெப் செஷனுக்கு அரை மணி, ஒரு மணி ஆயுசு. சின்ன ஆயுசு உள்ள செஷன்ல எடுத்த ஆப்ஜெக்ட்டைப் பெரிய ஆயுசு உள்ள செஷன்ல வெச்சா, அடுத்த ரிக்வெஸ்ட்ல "லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன்"னு திட்டு விழும். உடனே நம்மாளுங்க எல்லா இடத்துலயும் ஈகர்னு மாத்திட்டு 'சால்வ்டு'ன்னு ஸ்டேட்டஸ் போடுவாங்க. திட்டு நின்னுடும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

எப்படின்னு கேளுங்க. அந்த முதல் வேலையில நான் எழுதினது ஒரு காலேஜுக்கான ஃபீஸ் சாஃப்ட்வேர். ஆபீஸ்ல இருந்த மேடம் ஒரு மாணவியோட பக்கத்தைத் திறந்தா, அந்த முழு ஆப்ஜெக்ட்டும் - பேர், போன், முகவரி, ஃபீஸ் நிலவரம் எல்லாம் - அவங்க செஷன்ல போய் உட்காரும். சேவ் பட்டனைத் தட்டினா அந்த ஆப்ஜெக்ட் அப்படியே டேட்டாபேஸ்ல எழுதப்படும். 'அடிக்கடி லாக்அவுட் ஆகுது தம்பி'ன்னு மேடம் குறைப்பட்டதால செஷன் டைம்அவுட்டை 4 மணி நேரமா வேற ஆக்கி வெச்சிருந்தேன்.

ஒரு நாள் பதினொரு மணிக்கு மேடம் ஒரு மாணவியோட பக்கத்தைத் திறந்து போன் நம்பரை மாத்தினாங்க. சேவ் பண்றதுக்குள்ள யாரோ கூப்பிட, எழுந்து போயிட்டாங்க. பன்னிரண்டு மணிக்கு அதே மாணவி அடுத்த கவுன்ட்டர்ல சலானைக் கொடுத்தா. டேட்டாபேஸ்ல 'கட்டியாச்சு'ன்னு பதிவாச்சு. ரெண்டு மணிக்கு மேடம் சாப்பிட்டுட்டு வந்து சேவ் பட்டனைத் தட்டினாங்க. பதினொரு மணி ஆப்ஜெக்ட், பன்னிரண்டு மணி உண்மை மேல போய் உட்கார்ந்துச்சு. ஃபீஸ் நிலவரம்: 'நிலுவை'.

எர்ரர் வரலை. லாக் ஃபைல்ல ஒரு வரி கூட இல்லை. மேடம் மேல தப்பில்லை, அடுத்த கவுன்ட்டர் மேல தப்பில்லை, அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை. மூணு வாரம் கழிச்சு ஹால் டிக்கெட் லிஸ்ட் வந்தப்போ அவ பேர் இல்லை. பரீட்சை அன்னிக்குக் காலையில சலான் பாதியைக் கையில வெச்சுக்கிட்டு கவுன்ட்டர் கவுன்ட்டரா அலைஞ்சிருக்கா. "கம்ப்யூட்டர்ல கட்டலைன்னு இருக்கேம்மா"ங்கிறதுதான் எல்லா இடத்துலயும் பதில். கடைசியில ஒருத்தர் பேங்க் ஸ்டேட்மென்ட்டோட சலான் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்து, கையால ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து ஹாலுக்குள்ள அனுப்பினார். இருபது நிமிஷம் லேட். அந்தச் சலான் கிழிஞ்சு போயிருந்தா? அதை நெனைச்சா இன்னிக்கும் எனக்குத் தூக்கம் வராது.

இதுக்கு ஆங்கிலத்துல 'லாஸ்ட் அப்டேட்'னு பேர். மருந்து ரொம்பச் சின்னது. டேபிள்ல 'வெர்ஷன்'னு ஒரு காலம் சேருங்க. பக்கத்தைத் திறக்கும்போது வெர்ஷன் 7-னு இருந்தா, அந்த 7-ஐ ஃபார்ம்ல கூடவே வெச்சுக்கோங்க. சேவ் பண்றப்போ டேட்டாபேஸ்கிட்ட இப்படிச் சொல்லுங்க: 'இந்த மாணவியோட போன் நம்பரை மாத்து, வெர்ஷனை 8 ஆக்கு, ஆனா இப்பவும் வெர்ஷன் 7-ஆ இருந்தா மட்டும்.' எத்தனை ரோ மாறுச்சுன்னு டேட்டாபேஸ் பதில் சொல்லும். ஒண்ணுன்னா சந்தோஷம். பூஜ்யம்னா நடுவுல வேற யாரோ மாத்தியிருக்காங்க; "இந்தப் பதிவு மாறியிருக்கு, மறுபடி பாருங்க"ன்னு புதுசைக் காட்டுங்க. மேடம் இன்னொரு தடவை போன் நம்பரை அடிக்கணும். அவ்வளவுதான் நஷ்டம்.

ஜாவாவுல ஜேபிஏ பயன்படுத்தினா வெர்ஷன்னு ஒரு அன்னோட்டேஷன் போட்டாப் போதும். ஆனா பக்கத்தோட போய் வந்த அந்த 7-ஐ நீங்கதான் ஒப்பிட்டுப் பார்க்கணும்; சேவ் பண்றப்போ புதுசா ரோவை எடுத்துட்டா அதுக்குப் பழசு தெரியாது. ரெயில்ஸ்ல லாக்வெர்ஷன்னு காலம் வெச்சு, அதை ஃபார்ம்லயும் கூடவே அனுப்பினா ஒப்பிடறதை அதுவே பார்த்துக்கும். ஜாங்கோவுல இது கூடவே வராது. ஃபில்டர்ல ஐடியையும் வெர்ஷனையும் சேர்த்துக் கொடுத்து அப்டேட் கூப்பிடுங்க, எத்தனை ரோன்னு எண்ணிக்கை திரும்ப வரும்.

'அதுக்கு மேடம் திறந்த உடனே அந்த ரோவைப் பூட்டிட்டா?' கேட்கலாம். மேடம் சாப்பிடப் போனா அந்தப் பொண்ணு சலானோட ரெண்டு மணி வரைக்கும் நிக்கணும். பூட்டு, ஒரே ரிக்வெஸ்ட்டுக்குள்ள பூட்டித் திறக்கிற வேலைக்கு நல்லது. கடைசி ஒரு சீட்டை ரெண்டு பேர் புக் பண்ற மாதிரி இடத்துல உதவும். மனுஷங்க யோசிக்கிற நேரத்துக்கு அது ஆகாது.

இப்போ லாக்கர் கேள்விக்கு வருவோம். செஷன்ல நான் வைக்கிறது: ரோல் நம்பர், என்ன மாதிரி யூசர்ங்கிறது, அதிகபட்சம் எந்த மொழியில பக்கம் வேணும்ங்கிறது. மத்ததெல்லாம் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸ்ல புதுசா எடுக்கிறேன். 'ஸ்லோ ஆகாதா?'ன்னு கேட்பீங்க. பிரைமரி கீ வெச்சு ஒரு ரோ எடுக்கறதுக்கு ஆகுற நேரம், பக்கத்துல இருக்கிற லோகோ டவுன்லோட் ஆகுற நேரத்தை விடக் குறைவு பாஸ்.

ஏஐ டூல்கிட்ட கோடு எழுதி வாங்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. கொடுத்த ஃபைலோட முதல் பத்து வரியைப் பாருங்க. ஃப்ளாஸ்க் ப்ராஜெக்ட்னா, அங்கேயே எஸ்க்யூலைட் கனெக்‌ஷனைத் திறந்து குளோபலா வெச்சிருக்கலாம். ஓட்டினா 'வேற த்ரெட்ல இதைத் தொடாதே'ன்னு பைத்தான் எர்ரர் கொடுக்கும். அதைக் காப்பி அடிச்சுத் திரும்ப அதுகிட்டயே கேட்டா, செக்சேம்த்ரெட்டை ஃபால்ஸ் ஆக்குன்னு பல தடவை சொல்லும். எர்ரர் போயிடும். கூடவே காவல்காரனும் போயிடுவான். இப்போ உங்க கையில இருக்கிறது நான் வைவாவுக்குக் கொண்டு போன அதே நோட்டீஸ் போர்டு.

எக்ஸ்டர்னல் வர்றதுக்கு முன்னாடி நீங்களே ரெண்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒண்ணு: ரெண்டு வேற ப்ரௌசர்ல ரெண்டு பேரா லாகின் பண்ணுங்க. ஒரே ப்ரௌசர்ல ரெண்டு டேப் திறந்தா ரெண்டுக்கும் ஒரே குக்கீ, ஏமாந்துடாதீங்க. ரெண்டுலயும் ஒரே பதிவோட எடிட் பக்கத்தைத் திறங்க. இதுல போன் நம்பரை மாத்தி சேவ், அதுல முகவரியை மாத்தி சேவ். அப்புறம் டேட்டாபேஸைத் திறந்து ரெண்டும் இருக்கான்னு பாருங்க. ரெண்டு: பூல் சைஸை 2 ஆக்கிட்டு, விங்ல இருக்கிற அஞ்சு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் கண்டபடி கிளிக் பண்ணச் சொல்லுங்க. எங்கேயாவது கனெக்‌ஷனைத் திருப்பி வைக்க மறந்திருந்தா, கொஞ்ச நேரத்துல எல்லா ஸ்க்ரீனும் சுத்திக்கிட்டே நிக்கும். ஹிகாரியா இருந்தா 30 செகண்ட் காத்திருந்துட்டு டைம்அவுட்னு சொல்லும். கடைசியா எந்தப் பக்கம் ஓடுச்சோ அங்கேயிருந்து தேட ஆரம்பிங்க.

ஃப்ரெண்ட்ஸுக்கு டீ உங்க செலவு!